பொன்னும் மாமையும்

நாடக மேடையோடு சிறிதேனும் தொடர்புடையோர் ‘அரிதாரம் பூசுதல்’ என்னும் தொடரை அறிவர். மேடையேறுமுன் நடிகர் தம் முகத்தை வேறொரு முகமாக்கிக்கொள்ளும் செயல் முழுவதையும் அத்தொடர் இன்று குறித்து நிற்கின்றது. ஆயின், அரிதாரம் என்பது ஆதியில் ஒரு கல்லின் பெயர். ஆசனிக்கும் கந்தகமும் கூடி விளைந்த, பொன்போல மினுங்கும் மஞ்சட் கனிமம் அது. இலத்தீன் மொழியினர் அதனைப் ‘பொன் வண்ணம்’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பொன் கிட்டாதவிடத்துப் பொன்னின் தோற்றத்தைத் தரவல்லது என்பதாலேயே ஓவியரும் வேடம் புனைவோரும் அதனை நாடினர். அதனுள் உறையும் நஞ்சையும் பொறுத்துக்கொண்டனர். கேரளத்துக் கதகளியின் பச்சை வேடத்துக்குரிய நிறமும் மரபில் இக்கல்லினத்தை நீலத்தோடு குழைத்தே பெறப்பட்டது. ஒப்பனைக்கு நாம் வழங்கும் சொல்லே பொன்னைப் போலிசெய்யும் ஒரு பொருளின் பெயராக அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. முகத்தில் உலோகத்தின் ஒளியை ஏற்றிவைக்க மனிதர் ஏன் விழைகின்றனர்? அவ்வொளி முகத்துக்கு எதனைக் கொடுக்கின்றது? எதனை எடுத்துக்கொள்கின்றது? இவ்வினாக்களை ஒரு தோழியின் முகத்திலே கைவைத்துப் பயின்றபோது நான் எதிர்கொள்ள நேர்ந்தது. அவ்வனுபவத்தையும் அதன்வழி எழுந்த சில எண்ணங்களையும் இக்கட்டுரையிலே தொகுத்துக் கூற முனைகின்றேன்.

பண்டை எகிப்திய அரண்மனையொன்றைக் களமாகக் கொண்ட குறுநாடகம் ஒன்றினை எமது மாணவர் சிலர் மேடையேற்றக் கருதினர். அரசி வேடத்துக்கு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தெரிவு செய்யப்பட்டாள். முல்லைத்தீவைச் சேர்ந்தவள், அவளுடைய அம்மப்பா கோவலன் கூத்து ஆடியவர். கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இயல்பாக வாய்க்கும் குரலும் நிமிர்வும் அவளிடம் இருந்தன. அரசியின் முகத்தை வனையும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நெறியாளர் எனக்குத் தந்த குறிப்பு ஒன்றேயொன்றுதான்: “பார்த்தவுடன் எகிப்து என்று தெரியவேண்டும்; பொன்னாக இருக்கவேண்டும்.” மேடையேற்றத்துக்கு முன் மூன்று சனிக்கிழமைகள் இருந்தன. அம்மூன்றையும் மூன்று அமர்வுகளாக வகுத்து, ஒவ்வோர் அமர்வுக்கும் எகிப்தியக் கலையினின்று ஒவ்வொரு முகத்தை மாதிரியாகக் கொள்வதெனத் தீர்மானித்தேன். துட்டன்காமனின் பொன் முகமூடி, நெபர்டிட்டியின் மார்பளவுச் சிலை, தியே அரசியின் சிறு மரச்சிரம் என்பன அவை. மூன்றும் எகிப்தின் பதினெட்டாம் அரச மரபைச் சேர்ந்தவை. தியே துட்டன்காமனின் பாட்டி. நெபர்டிட்டி அவனுடைய மனைவியின் தாய். ஆகவே ஒரே குடும்பத்தின் மூன்று முகங்களை ஒரு மாணவியின் முகத்திலே வரைந்து பார்க்கும் முயற்சியாக எமது பயிற்சி அமைந்தது.

பயிற்சியைக் கூறுமுன் அதற்கான பொருள்களைப் பற்றிச் சில கூறவேண்டும். இன்று ஒப்பனைக் கடைகளில் பொன்னென்றும் வெள்ளியென்றும் செம்பென்றும் விற்கப்படும் துகள்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வுலோகங்கள் இல்லை. நம் ஊர்ச் சிறுவர் மணலிலும் பாறைப் பிளவிலும் கண்டெடுத்துக் ‘காக்காய்ப்பொன்’ என்று பொத்திவைக்கும் மைக்காக் கனிமமே அவற்றின் அடிப்படை. அதனைக் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தகடுகளாக்கி, அத்தகடுகளின்மீது தைத்தேனிய ஒட்சைட்டையோ இரும்பொட்சைட்டையோ நுண்ணிய படையாகப் படியச்செய்வர். அப்படையின் தடிப்புக்கேற்ப ஒளி திரும்பும் நிறம் வேறுபடும். ஆக, காக்காய்ப்பொன்னைப் பொன்னாகக் கொண்ட சிறுவரின் அறியாமையையே இன்றைய தொழில்நுட்பம் மெய்யாக்கியுள்ளது எனலாம். இதனைவிடப் பொற்றாள் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய தாள்கள் உண்டு. அவை செம்பும் நாகமும் கலந்த பித்தளைத் தாள்கள். நெடுநேரம் வியர்வை பட்டால் நிறம் மாறும், சிலருடைய தோலை உறுத்தவும் செய்யும்.

உலோக ஒப்பனை விளையாட்டல்ல என்பதற்குத் திரைப்பட வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. 1939இல் வெளிவந்த ‘த விசாட் ஒவ் ஓஸ்’ என்னும் படத்தில் தகர மனிதனாக நடிக்க முதலில் ஒப்பந்தமானவர் படி எப்சன் என்பவர். அவருடைய முகத்துக்குத் தூவப்பட்ட அலுமினியத் தூளைச் சுவாசித்ததால் நுரையீரல் பாதிக்கப்பட்டு, 1938இல் அவர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவருக்குப் பதிலாக ஜாக் ஹேலி நடித்தபோது தூள் கைவிடப்பட்டு, களிம்பாகக் குழைத்த அலுமினியமே பூசப்பட்டது. 1964இல் வெளியான ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் உடல் முழுதும் பொன் பூசப்பட்ட பெண்ணொருத்தி தோல் மூச்சுவிட வழியின்றி இறந்ததாகக் கதை அமைத்தனர். அது கதை மாத்திரமே. நாம் மூச்சுவிடுவது நுரையீரலால். எனினும், வியர்வை வெளியேற வழியின்றி உடல் சூடேறும் என்பதும், தூள் மூக்கிலும் கண்ணிலும் புகும் என்பதும் மெய்யான இடர்கள். ஆதலால், முதல் அமர்வுக்கு முந்திய நாளிலே அவளுடைய முழங்கையின் உட்புறத்தில் ஒவ்வொரு பொருளிலும் சிறிது தடவிவிட்டு, அடுத்தநாட் காலை பார்த்த பின்னரே வேலை தொடங்கினேன். துகளைத் தூவாது, களிம்பிலே குழைத்தே பூசுவதென்றும், கண்ணிமையின் உள்விளிம்பைத் தொடுவதில்லை என்றும், கைவேலைக்கு விற்கப்படும் மினுக்கத்தூளை முகத்துக்கு எடுப்பதில்லை என்றும் விதித்துக்கொண்டேன். மற்றவரொருவரின் முகம் நம் கையில் இருக்கும்போது, அழகைவிட முதன்மையான பொறுப்பு அதுவே.

முதலாவது சனிக்கிழமை அவள் கதிரையில் அமர்ந்து, நெற்றிமயிரைப் பின்னுக்கு இழுத்துக் கட்டியதும், கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரு வினாவைக் கேட்டாள்: “முதல்ல கொஞ்சம் வெள்ளையாக்கிப்போட்டுத்தானே அக்கா பொன்னைப் பூசுவியள்?” அவள் கேட்ட தொனியிலே கவலையோ வெட்கமோ இருக்கவில்லை. ஒப்பனை என்றால் முதற்படி அதுவே என்னும் தெளிவுதான் இருந்தது. பாடசாலை ஒளிவிழாவிலும், ஊரிலே பூப்புனித நீராட்டு விழாவிலும், உறவினரின் திருமண வீட்டிலும் அவளுடைய முகத்தைத் தொட்ட ஒவ்வொரு கையும் முதலில் அதனையே செய்திருந்தது. அவள் கறுப்பு நிறத்தவள். கடைசியாக நடந்த ஒத்திகையைப் பார்க்க வந்த ஒருவர், “நடிப்பு நல்லாயிருக்கு, அரசி கொஞ்சம் நிறமாக இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும்” என்று கூறிச் சென்றதை அவளும் கேட்டாள், நானும் கேட்டேன். ‘நிறம்’ என்ற சொல்லுக்கே வெண்மை என்று பொருள் கொள்ளும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிவிட்டது. கறுப்பு அவ்வழக்கிலே ஒரு நிறமாகவே எண்ணப்படுவதில்லை. “பொறும் பிள்ளை, பாப்பம்” என்று மாத்திரம் சொல்லி வேலையைத் தொடங்கினேன்.

அன்றைய மாதிரி துட்டன்காமனின் முகமூடி. 1922இல் ஹவாட் காட்டரால் கண்டுபிடிக்கப்பட்ட கல்லறையில், 1925இல் உட்பேழை திறக்கப்பட்டபோது வெளிப்பட்டது அது. ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள பொன். புருவங்களும் கண்ணைச் சூழ்ந்த கோடுகளும் நீலமணிக்கல்லால் பதிக்கப்பட்டவை. கண்கள் படிகக்கல்லாலும் எரிமலைக் கருங்கண்ணாடியாலும் ஆனவை. கண்ணின் ஓரங்களில் இலேசான செம்மை தீட்டப்பட்டுள்ளது. அம்முகத்தை ஓர் உயிருள்ள முகத்தில் முழுமையாக எழுப்புவது எவ்வாறு? முதலில் மஞ்சட் காவி நிறமான எண்ணெய்ச் சாயத்தை நெற்றியிலிருந்து கழுத்துவரை சீராகப் பரப்பினேன். அது சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும் நிலையில், குழைத்த பொற்றுகளைப் பஞ்சுத்துண்டால் ஒற்றியொற்றி ஏற்றினேன். தேய்க்கக்கூடாது. துகளின் ஒவ்வொரு தகடும் ஒரு சிறு கண்ணாடி போன்றது. தோலின்மீது அது படுத்துக் கிடந்தால்தான் ஒளியை ஒருங்கே திருப்பும். தேய்த்தால் தகடுகள் நிலைகுலைந்து, பொன் மஞ்சட்சேறு போலாகும். ஒரே திசையில், நடுமுகத்திலிருந்து காதை நோக்கி ஒற்றவேண்டும். இரண்டு மணித்தியாலத்தில் முகம் முழுவதும் பொன்னாயிற்று. புருவத்தையும் கண்கோட்டையும் கருநீலத்தால் வரைந்து முடித்தேன்.

தூரத்திலிருந்து பார்க்கையில் அது வியக்கத்தக்கதாகவே இருந்தது. நெறியாளர் கேட்ட எகிப்தும் பொன்னும் அங்கே இருந்தன. அரசிக்குரிய வசனத்தைப் பேசிப் பார்க்கும்படி அவளிடம் கூறினேன். மகனை இழந்த செய்தியைக் கேட்கும் கட்டம். அவள் குரல் நடுங்கியது. முகத்தில் எதுவுமே நிகழவில்லை. மெய்யாகவே நிகழாமல் இல்லை. கன்னம் இறுகியதையும் உதடு துடித்ததையும் மிக அருகே நின்ற என்னால் காண முடிந்தது. ஆயின் மூன்று அடி பின்னே சென்றதும் யாவும் மறைந்தன. இதற்குக் காரணம் உண்டு. தோல் தன்மேற் படும் ஒளியை எல்லாத் திசைகளிலும் மெல்லப் பரப்புவதாலேயே, முகத்தின் மேடுபள்ளங்களில் நிழல் படிகின்றது. அந்நிழலின் அசைவையே நாம் உணர்ச்சியென்று வாசிக்கின்றோம். உலோகமோ நிழலை ஏற்பதில்லை. விளக்கையும் சுவரையும் எதிரே நிற்பவரையும் திருப்பிக் காட்டுகின்றது. பொன் முகத்திலே நாம் காண்பது அம்முகத்தை அன்று. அதனைச் சூழ்ந்த வெளிச்சத்தை. கண்ணாடியிலே தன்னை நெடுநேரம் பார்த்திருந்த அவள் கூறினாள்: “வடிவாத்தான் இருக்கு அக்கா. ஆனால் செத்த ஆக்களின்ர முகம் மாதிரிக் கிடக்கு.”

அவள் கூறியது வரலாற்றுக்கும் முற்றிலும் பொருந்துவது. துட்டன்காமன் அம்முகமூடியை அணிந்து அரசாண்டவனல்லன். பத்தொன்பது வயதளவில் இறந்த இளைஞனின் பதனிடப்பட்ட உடல்மீது வைப்பதற்கெனச் செய்யப்பட்டது அது. எகிப்தியரின் நம்பிக்கையிலே பொன் அழியாதது. ஆகவே தெய்வங்களின் தசை பொன்னென்றனர். அவனுடைய கல்லறைப் பேழைமாடமொன்றிலே பொறிக்கப்பட்ட புராணமொன்று சூரிய தேவனின் எலும்பு வெள்ளியாகவும், தசை பொன்னாகவும், தலைமயிர் நீலமணியாகவும் ஆனமையைக் கூறுகின்றது. அத்தேவன் முதுமையடைந்ததைக் குறிக்கவே அப்புராணம் இதனைச் சொல்லுகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. அதே கல்லறையிலிருந்து ஒரு சிறு துணிப்பையில் அரிதாரமும் கண்டெடுக்கப்பட்டது. நம் கூத்தர் முகத்துக்கெனப் பெயர் தந்த கல், அந்த முகமூடியோடு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே இருளிலே கிடந்திருக்கின்றது. ஆகவே, முழுப்பொன் முகம் என்பது உயிர் நீங்கியபின் வழங்கப்படும் முகம். இன்று விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் எகிப்திய அழகென்று நமக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த இறந்தோர் முகமே. உயிரோடு இருந்த எகிப்தியர் தம் முகத்துக்கு என்ன செய்தனர் என்பதை அறிய வேறு முகத்தை நாடவேண்டும்.

இரண்டாவது அமர்வுக்கு நெபர்டிட்டியின் சிலையை மாதிரியாகக் கொண்டது அதனாலேயே. 1912இல் ஜேர்மனிய ஆய்வாளர் லூட்விக் போர்ஹாட் தலைமையிலான குழுவினர் அமர்னாவிலே, துத்மோஸ் என்னும் சிற்பியின் பட்டறை இருந்த இடத்திலே அதனைக் கண்டெடுத்தனர். இன்று அது பேர்லினில் உள்ளது. சுண்ணக்கல்லின்மீது சாந்து பூசி வண்ணந்தீட்டிய சிலை. நெபர்டிட்டி மகாராணி, பொன்னுக்கு அவளிடம் குறைவிருந்திராது. எனினும் சிற்பி அவளுடைய முகத்திலே பொன்னை வைக்கவில்லை. தோலின் நிறம், உதட்டின் செம்மை, கண்ணைச் சுற்றிய கருமை என்பவையே அங்குள்ளன.

கண்ணைச் சுற்றிய அக்கருமையே எகிப்தியரின் அன்றாட வாழ்விலே முகத்தைத் தொட்ட உலோகம். தொடக்க காலத்திலே செப்புக் கனிமமான பச்சை மலகைற்றை அரைத்து இமையிற் பூசினர். பின்னர் ஈயச் சல்பைட்டுக் கனிமத்தை அரைத்த கருமை பெரிதும் வழங்கியது. ஆணும் பெண்ணும், அரசரும் ஏவலரும் அதனை இட்டனர். பாரிஸ் லூவர் அரும்பொருளகத்திலுள்ள பழைய மைச்சிமிழ்களின் உள்ளடக்கத்தைப் பிரெஞ்சு ஆய்வாளர் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவுகள் வியப்புக்குரியவை. இயற்கைக் கனிமங்களோடு, இயற்கையில் மிக அரிதாகவே கிடைக்கும் இரு ஈய உப்புக்களும் அவற்றில் இருந்தன. அவை வேண்டுமென்றே ஆக்கப்பட்டவை என்பது அவர்களது முடிவு. அவ்வுப்புக்கள் மிகச் சிறிய அளவிலே தோற்கலங்களை நைத்திரிக்கொட்சைட்டைக் கூடுதலாகச் சுரக்கச்செய்து, நோயெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என 2010இல் மற்றுமோர் ஆய்வு காட்டியது. நைல் வெள்ளம் பரவும் காலத்திலே கண்நோய் மலிந்த நாட்டில் மை அழகாகவும் மருந்தாகவும் கருதப்பட்டது என்பதற்கு இது துணைசெய்கின்றது. ஈயம் நஞ்சு என்பதை நாம் இன்று அறிவோம். அதனை எவரும் பின்பற்றலாகாது. நம் வீடுகளில் விளக்குப் புகையைப் பிடித்து நெய்யிலே குழைத்த கண்மையும், ‘அஞ்சனம்’ என்று பண்டைத் தமிழர் கூறிய கருங்கல் மையும் இதே தேவையிலிருந்து பிறந்தவை என்பதை நினைவுகூர்ந்தாற் போதும்.

அன்று நான் அவளது முகத்திலே செய்தது சிறிதே. தோலுக்கு எதுவும் பூசவில்லை. சிலையின் தோல்நிறத்தைப் பின்பற்றுவதாயின் அவளது நிறத்தை மூடவேண்டும். அச்சிலையிலிருந்து எனக்கு வேண்டியது நிறமன்று, கோடே. மேலிமையின் மயிரடியை ஒட்டிக் கருமையை இழுத்து, கண்ணின் வெளிக்கோணத்தைத் தாண்டிக் காதை நோக்கி நேர்கிடையாக நீட்டினேன். கீழிமையிலும் அவ்வாறே வரைந்து, இரு கோடுகளும் சேராமல் இடையே ஒரு நெல்லளவு வெளி விட்டேன். அவ்வெளி இல்லாவிட்டால் கண் சிறுத்துவிடும். மேலிமையின் நடுவில் மட்டும் செம்புநிறத் துகளை விரல்நுனியால் அழுத்தி வைத்தேன். அவள் மீண்டும் அதே வசனத்தைப் பேசினாள். இம்முறை கண் தாழ்ந்தபோது இமையிலே ஓர் ஒளி எழுந்து, கண் நிமிர்ந்தபோது அது மறைந்தது. உலோகம் முதன்முறையாக அவளோடு சேர்ந்து நடித்தது. எனினும், பின்வரிசையிலிருந்து பார்த்த நெறியாளர் “எகிப்து தெரிகிறது, பொன் தெரியவில்லை” என்றார். அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது.

மூன்றாவது மாதிரி தியே அரசியின் சிரம். அதுவும் பேர்லினிலேயே உள்ளது. மகுடத்தோடு சேர்த்தும் ஒரு சாணளவு உயரமே கொண்டது. ‘யூ’ என்னும் மரத்தில் செதுக்கப்பட்டது. மூன்றாம் அமெனொதெப்பின் பட்டத்தரசியாக இருந்து, மகன் அகெநாதனின் காலத்திலும் செல்வாக்கோடு விளங்கியவள் தியே. அச்சிற்பம் அவளை இளமையாகக் காட்டவில்லை. இறங்கிய வாயோரங்களும், கனத்த இமைகளும், எவரையும் எளிதில் நம்பாத பார்வையும் அதில் உள்ளன. மரம் கருஞ்செம்மை நிறமானது. அந்த இருண்ட முகத்தின் அருகிலே காதணியின் பொன் மிளிர்கின்றது. முதலிற் செய்த தலையணிக்கு வெள்ளி பயன்பட்டது. பின்னர் அதனை மூடி மற்றுமொரு தலையணி அமைக்கப்பட்டது. பொன்னும் வெள்ளியும் கண்ணாடி மணியும் அம்முகத்தைச் சுற்றி நிற்கின்றனவேயன்றி, முகத்தின்மேல் ஏறவில்லை. இருண்ட மரத்தின் முன் ஒரு சிறு பொன் எவ்வளவு பேசவல்லது என்பதை அச்சிற்பத்தின் நிழற்படத்தைப் பார்த்தபோதே உணர்ந்தேன்.

இதற்கு ஒளியியல் காரணமும் உண்டு. நாம் பயன்படுத்தும் மினுக்கத்தகடுகள் ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவன. வெண்மையான தளத்தின்மீது அவற்றைப் பூசினால், ஊடுருவிச் சென்ற ஒளி கீழேயுள்ள வெண்மையிற் பட்டு எங்கும் சிதறி மீளும். அச்சிதறலிலே மினுக்கம் கரைந்துபோகும். கருமையான தளமோ ஊடுருவிய ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். தகடு திருப்பும் ஒளி மாத்திரமே கண்ணை வந்தடையும். அதனாலேயே, உலோகத் தோற்றத்தை வேண்டும் ஒப்பனையாளர் பொன்னின் கீழே கபிலத்தையோ கறுப்பையோ முதலிற் பூசுவது வழக்கம். வெளிறிய தோலுடையோருக்கு அவர்கள் வருந்திப் பூசி உண்டாக்கும் அந்நிலம் இவளுக்கு இயற்கையாகவே அமைந்திருந்தது. வெண்மையாக்கிய பின் பொன்னைப் பூசுவதென்பது பொன்னையும் கெடுத்து முகத்தையும் கெடுப்பதாகும். அவள் முதல்நாளிற் கேட்ட வினாவுக்கு நான் அன்றுதான் விடையளித்தேன். இரு கைகளையும் நீட்டச்சொல்லி, ஒன்றிலே வெண்களிம்பு தடவி அதன்மேலும், மற்றதிலே வெறுந்தோலின்மேலும் ஒரே துகளை ஒற்றி, விளக்கருகே பிடித்துக் காட்டினேன். ஒரு கையிலே சோறு வடித்த கஞ்சிபோல வெளிறிய மஞ்சள். மற்றக் கையிலே பொன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “அப்ப இவ்வளவு காலமும் ஏன் எல்லாரும் மறுவளமாச் செய்தவை?” என்று கேட்டாள்.

அவ்வினா எளிதில் விடைகாண முடியாதது. கூத்து மரபிலும் முகத்துக்கு வெண்மை பூசப்பட்டது. அவளுடைய அம்மப்பாவும் முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துப் பூசியதாக அவளே கூறியிருந்தாள். ஆயின் அங்கு ஒரு தேவை இருந்தது. தீப்பந்தத்தினதும் பின்னர் பெற்றோல்மாக்சினதும் மங்கல் ஒளியில், விடியும்வரை, வட்டக்களரியைச் சுற்றியிருக்கும் சனத்துக்கு முகம் தெரியவேண்டும். அவ்வெண்மை பாத்திரத்தின் வெண்மை. ஆடுபவரின் தோலை இழிவென்று கருதிய வெண்மையன்று. கூத்து முடிந்ததும் எண்ணெயால் துடைத்துவிட்டு அவர் தம் நிறத்தோடு வயலுக்குச் சென்றார். அதே மரபில் அரச வேடத்துக்குரிய மினுக்கம் முழுவதும் கிரீடத்திலும் புயகிரீடத்திலும் மார்புப்பதக்கத்திலும் பதித்த கண்ணாடித் துண்டுகளிலும் மினுங்குதாள்களிலுமே இருந்தது. முகத்தைச் சுற்றி ஒளியை வைத்து, முகத்தைப் பேசவிட்டனர் நம் அண்ணாவிமார். தியேயின் சிற்பி அறிந்ததை அவர்களும் அறிந்திருந்தனர். மின்னொளி வந்து தேவை நீங்கிய பின்னும் வெண்மை மட்டும் நம்மிடம் எஞ்சிவிட்டது. களரியை விட்டிறங்கித் திருமண வீட்டுக்கும் சென்று, வேடம் என்ற நிலையினின்று விதி என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டது.

நம் இலக்கியம் இதனை எவ்வாறு நோக்கியது என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். சங்கச் செய்யுள்களிலே பெண்ணின் நலமார்ந்த மேனிக்குரிய நிறம் மாமை எனப்பட்டது. மாந்தளிரின் நிறத்தை ஒத்த, கருமை தழுவிய அவ்வழகை மாமைக்கவின் என்று போற்றினர். தலைவன் பிரிந்தபோது அம்மாமையை அழித்துக்கொண்டு மேனியெங்கும் பரவுவது பசலை. அப்பசலைக்கு அப்புலவர் கூறிய உவமைகளுள் முதன்மையானது பொன். பீர்க்கம்பூவையும் கூறினர். தோல் முழுவதும் பொன்னாவது அவர்கள் பார்வையிலே நோய். நெஞ்சிலிருந்த உயிர்ப்பு வெளியேறியதன் அடையாளம். நைல் நதிக்கரையிலே இறந்த அரசனுக்கும், தமிழ் நிலத்திலே பிரிவால் வாடிய பெண்ணுக்கும் ஒரே நிறம் வந்து சேர்ந்திருக்கின்றது. இரு மரபுகளுக்கும் இடையே தொடர்பு காட்டுவது என் நோக்கமன்று. முழுமேனியும் பொன்னாகும்போது உயிர் குறைகின்றது என்பதை இரு சமூகத்தாரும் தத்தம் வழியிலே கண்டிருந்தனர் என்பதே இங்குக் கருதற்பாலது. பிற்காலத்தில் பொன்மேனி என்பது புகழ்ச்சியாகி, மாமை என்னும் சொல் வழக்கொழிந்து, அகராதியிலும் வகுப்பறையிலும் மட்டும் எஞ்சியது. அச்சொல்லோடு ஒரு பார்வையையும் நாம் இழந்துவிட்டோம்.

மூன்றாம் நாள் ஒப்பனை பின்வருமாறு அமைந்தது. தோலுக்குச் சிறிது எண்ணெய்ப்பசை மாத்திரம். கண்ணுக்கு இரண்டாம் நாளின் கருங்கோடு. அக்கோட்டின் மேல்விளிம்பை ஒட்டி, நூலளவான பொற்கோடு ஒன்று. கருமையும் பொன்னும் அடுத்தடுத்து நின்றாலே உலோகம் உலோகமாகத் தெரியும். மூக்குத்தண்டின் மேலும், கன்ன எலும்பின் உச்சியிலும், மேலுதட்டின் நடுப்பள்ளத்திலும், இயல்பாகவே ஒளி விழும் இடங்களில் மாத்திரம், விரல்நுனியால் ஒற்றிய பொன். கழுத்தைச் சூழ, எகிப்தியரின் அகன்ற ஆரத்தைப்போல, மூன்று வரிசைப் பொற்றாள் துண்டுகளை ஆடையின் விளிம்பிலே ஒட்டினேன். விளக்கை நேர்முன்னே வைக்காது, வலப்புறம் சற்று உயர்த்தி வைக்கச் சொன்னேன். பக்க ஒளியே உலோகத்துக்கு உரியது. நேரொளி அதனைத் தட்டையாக்கும்.

அவள் வசனத்தைத் தொடங்கினாள். செய்தியைக் கேட்டு மெல்லத் தலை திருப்பியபோது கன்னத்துப் பொன் அணைந்தது. கண்ணோரத்துப் பொன் எரிந்தது. முகத்தின் நிழல்கள் யாவும் அவளுடையனவாகவே இருந்தன. பின்வரிசையிலே அமர்ந்திருந்த நெறியாளர் கட்டம் முடியும்வரை வாய்திறக்கவில்லை. முடிந்தபின், “இதுவே இருக்கட்டும்” என்றார். ‘நிறமாக’ இருக்கவேண்டும் என்று முன்பு கூறியவர் அன்று அங்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன கூறியிருப்பார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒப்பனையைக் களையுமுன் அவள் தன் கைத்தொலைபேசியை எடுத்து, பக்கத்தோற்றம் தெரியுமாறு ஒரு படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினாள். முதலிரு அமர்வுகளிலும் அவள் படம் எதுவும் பிடிக்கவில்லை.

வரலாற்றைத் தழுவிய கலை என்று நாம் அடிக்கடி பேசுகின்றோம். ஆயின், எந்த வரலாற்றை, யாருடைய முகத்தின்மீது தழுவுகின்றோம் என்பதை எண்ணுவது குறைவு. ஒரே அரச குடும்பம் நூறாண்டுக்கு உட்பட்ட காலத்திலே நமக்கு மூன்று முகங்களை விட்டுச்சென்றுள்ளது. அவற்றுள் உலகம் பெரிதும் அறிந்தது பொன் முகம். அதுவே உயிரற்றதும் ஆகும். பழமையிலிருந்து எதனை எடுப்பது என்பதைத் தீர்மானிக்கப் பழமை நமக்கு உதவாது. எதிரே அமர்ந்திருக்கும் உயிருள்ள முகமே உதவும். அம்முகத்தை மறைப்பதற்கு வரலாறு ஒரு சாட்டாகுமாயின், அது எவ்வளவு மினுங்கினும் முகமூடியேயாகும். அடுத்த ஆண்டு நாடகத்துக்கு ஒப்பனைப் பொறுப்பைத் தானே ஏற்பதாக அவள் கூறியிருக்கின்றாள். தூரிகைகளை அவளிடம் கொடுத்துவிட்டேன்; வெண்களிம்புக் குப்பி அப்பெட்டியில் இல்லை.